காச்சில் குக்கி ஜெஸ்லின்

ட்ரே அடுப்பிலிருந்து வெளியே வந்ததும் அதை மேடைமேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார் ஜெஸ்லின். உப்பி நிற்கும் குக்கிகள் அந்த அதிர்ச்சியில் நடுவில் அமுங்கி, மேலே சுருக்கம் விழும். அப்படி விழுந்தால்தான் உள்ளே ஈரமும் இழுவையும் தங்குமாம். விழிஞ்ஞம் துறைமுகத்தை அடுத்த முக்கோலை சந்திப்பில் அவர் கடைக்கு நேர் மேல்மாடியில் குடியிருப்பவன் நான். கடை திறந்த புதிதில் ஒவ்வொரு சத்தத்துக்கும் பதறி எழுந்திருக்கிறேன். இப்போது சத்தம் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறேன்.

"சாரே, தொடாதிய. இப்பத் தொட்டா பிஞ்சு போவும். கொஞ்சம் பொறுத்துத் தின்னு பாருங்க."

நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம் அந்தக் குக்கிக்கு. ஜெஸ்லினின் நகக்கண்களுக்கும் அதே நிறம்தான். நாற்பதை நெருங்குகிறவர், குள்ளம், நடையே கிடையாது, எங்கே போனாலும் ஓட்டம். சாப்பாடுகூட நின்றுகொண்டுதான். பிறந்தது குளச்சல், கட்டிக்கொண்டது விழிஞ்ஞத்தில் ஆட்டோ ஓட்டும் ஜினுவை. வருகிறவர்களிடம் மலையாளம், என்னிடம் தமிழ். பிசைகிற மாவு சொன்னபடி கேட்டால் அதைத் தமிழில் கொஞ்சுவார். கேட்காவிட்டால் மலையாளத்தில் ஏசுவார்.

இந்த ஊதா அவருக்குத் தோஹாவில் பிடித்த பித்து. அங்கே ஒரு பேக்கரியில் இவரோடு ஒரே மேசையில் மாவு உருட்டியவள் மாரிடெஸ் என்ற ஃபிலிப்பைன்ஸ்காரி. தன் நாட்டு உபே கிழங்கில் செய்தது என்று ஒருநாள் ஒரு குக்கியை நீட்டினாள். கடித்ததும் ஜெஸ்லின் சொன்னாராம்: "எட்டி, இது எங்க ஊரு காச்சில்லா." காச்சில் என்றால் ராசவள்ளிக்கிழங்கு. மாரிடெஸ் நம்பவில்லை. ஊர் திரும்பிய மறுநாளே ஜெஸ்லின் திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் நின்றார். கிழங்கு விற்கும் யூசுப் இன்றைக்கும் அவரைக் கண்டால் கூடையை ஒருமுறை பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு காச்சிலாக எடுத்து, மண்ணை ஊதி, தோலை நகத்தால் கீறி, உள்ளே ஊதா தெரிந்தால் மட்டும் பையில் போடுவார் ஜெஸ்லின். வெள்ளை தெரிந்தால் திரும்ப வைத்துவிடுவார்.

முதலில் சுட்டவை பச்சையாக வந்தன. மழைக்காலத்துச் சுவரில் படியும் பாசிப் பச்சை. ஜினு எட்டிப் பார்த்துவிட்டு, "எடீ, இது நாம திங்கவோ, மீனுக்குப் போடவோ?" என்றார். எத்தனை தடவை மாற்றிச் செய்தும் அதே பச்சை. கடைசியில் ஒருநாள் மாவுச்சட்டியை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவும்போது, தேய்த்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாக மாறியிருக்கிறது. சோப்பு நுரை சொட்டச் சொட்டச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"சாரே, கள்ளன் ஆருன்னு கிட்டிப்போச்சு. சோடாப்பொடி. புளிப்பு பட்டா செவக்குது, சோடா பட்டா பச்சையாவுது. அவன்தான் நெறத்தக் களவாண்டது."

அன்றைக்குச் சோடாவுக்குக் கடையில் தடை விழுந்தது. எலுமிச்சைச் சாறு உள்ளே வந்தது. ஊதா நின்றது.

ஆனால் வாங்கியவர்கள் நிற்கவில்லை. மொறுமொறுவென்று உடையும் பிஸ்கட்டுக்குப் பழகிய ஊர் இது. "சேச்சி, இது நமுத்துப் போயி" என்று பெட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். "நமுத்தது இல்ல, அதுக்க கொணம் அதாக்கும்" என்று ஒவ்வொருவருக்கும் விளக்குவார். அதைத் தாங்கிக்கொண்டார். ஆர்யா என்ற கல்லூரிப் பெண் இணையத்தில் எழுதியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை: பெயர்ப்பலகையில் உபே என்று இருக்கிறது, உள்ளே இருப்பது காச்சில், ஏமாற்று வேலை. ஜெஸ்லின் ஏணி போட்டு ஏறி, பலகையில் உபே என்ற சொல்லைத் தாளால் மூடினார். "மாரிடெஸுக்கு போன்ல நெறத்தக் காட்டலாம். ருசிய எப்பிடிக் காட்ட? நான் செய்யது நெசமாட்டே உபேதானான்னு சொல்ல இஞ்ச ஆரு இருக்கா?" என்றார். அன்று முழுவதும் ட்ரே தட்டும் சத்தம் கேட்கவில்லை.

துறைமுகத்திலிருந்து கப்பல்காரர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிற சுஜித்திடம் இதைச் சொன்னது ஜினுதான். போன வாரம் மத்தியானம் சுஜித் போனில் கூப்பிட்டான்.

"சேச்சி, வண்டில ஃபிலிப்பினோமாரு உண்டு. கப்பல் எறங்கி நாட்டுக்குப் போறாங்க. கொஞ்சம் நிறுத்தட்டா?"

கண்ணாடிப் பெட்டி காலி. அடுத்த ட்ரே அப்போதுதான் உள்ளே போயிருந்தது. வேகும்போது அடுப்புக் கதவைத் திறக்கவே விடாதவர் இரண்டு முறை திறந்து பார்த்தார். வேன் வந்து நின்றது. பயணக் களைப்போடு இறங்கியவர்களில் மூத்தவரைச் சுட்டி, "இவருதான் கப்பல்ல குக்கு, ரோடெல்" என்றான் சுஜித். ஜெஸ்லின் என்னைப் பார்த்த பார்வையில், பரீட்சைக்குப் படிக்காத பிள்ளையின் முகம் தெரிந்தது.

சூடு ஆறுமுன்பே தட்டில் வைத்து நீட்டினார். ரோடெல் ஒரு கடி கடித்து, சாலையைப் பார்த்தபடி மென்றார். மற்றவர்கள் அவர் வாயையே பார்த்தார்கள். வாசலில் வந்து நின்ற ஜினு ஆட்டோவின் என்ஜினை அணைத்தார். விழுங்கியதும் ரோடெல் இரண்டாவது குக்கியை எடுத்தார். "உபே" என்றார்.

ஜெஸ்லின் உள்ளே ஓடிச் செம்மண் ஒட்டிய காச்சில் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே இரண்டாக வெட்டினார். ரோடெல் அதை மூக்கருகே வைத்து மோந்தார். தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். கிழங்கு கைக்குக் கை மாறியது. ஒருவன் அதைப் படம் எடுத்தான்.

"மசராப்?" என்றார் ஜெஸ்லின். ருசியா என்று கேட்க மாரிடெஸ் கற்றுக்கொடுத்த சொல்.

எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஜெஸ்லின் ரோடெலை மட்டும் பார்த்தார். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, நல்ல ருசி, ஆனால் என் அம்மா கிழங்கைத் தேங்காய்ப்பாலில் கிளறுவாள், அந்த மணம் மட்டும் இதில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் ஜெஸ்லினின் முகம் வாடும் என்று பயந்தேன். அவர் நெற்றியில் அறைந்துகொண்டு சிரித்தார்.

"எனக்க மாதாவே, சுத்திலும் தென்னைய வச்சிக்கிட்டு தோஹாக்காரனுக்க பால்பொடியக் கெட்டிப் புடிச்சிட்டு இருந்திருக்கேனே."

மிச்சக் குக்கிகள் எல்லாம் பெட்டியிலடைந்து வேனில் ஏறின. சுஜித் ஹாரன் அடித்தான், கைகள் ஜன்னல் வழியே ஆடின. "மாரிடெஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றேன். திரும்பிப் பார்த்தால் ஜெஸ்லின் அங்கே இல்லை. வேன் பைபாஸில் ஏறுவதற்குள், கடையின் பின்வாசலில் குந்தி, கத்தியின் முதுகால் ஒரு தேங்காயை உடைத்து, மணிக்கட்டில் தேங்காய்த் தண்ணீர் வழிய, ஒரு மூடியைத் துருவச் சொல்லி ஜினுவிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.