துடைக்கக் கூடாத வெள்ளி

அலுவலகக் கட்டடம் ஒன்றில் கண்ணாடி துடைக்கிற வேலை அவளுக்கு. இருபத்தாறு வருஷமாக, அந்தப் பதினோரு மாடியில் அவள் கைபடாத ஜன்னல் இல்லை. தூசி என்றால் ஜென்மப் பகை. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தோளில் நூல் ஒட்டியிருந்தாலும் கை துறுதுறுக்கும்.

அப்படிப்பட்டவளிடமா தங்கை அந்தச் செடியைக் கொடுக்க வேண்டும்!

அம்மா படுக்கையில் விழுந்தபோது யார் பார்த்துக்கொள்வது என்று இருவருக்கும் வந்த வாய்ச்சண்டை, அம்மா போன பிறகும் ஓயவில்லை. எட்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் திடீரென்று தங்கை வந்து நின்றாள். கையில் ஒரு தொட்டி. அதில் இலையெல்லாம் வெள்ளி பூசினாற்போல ஒரு குத்துச்செடி.

"மூணு மாசம் வெளியூர்ல வேலை. வேற யார்கிட்டயும் விட்டுட்டுப் போக மனசு வரல. வெயில்ல வை, தண்ணி கொஞ்சமா ஊத்து."

அவ்வளவுதான், போய்விட்டாள். செடி பிழைத்தால் உறவும் பிழைக்கும் என்று அக்கா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

மத்தியானம் வேலை முடிந்து வந்து பால்கனியில் சாய்ந்தால், வெயிலில் அந்த வெண்மை மட்டும் தனியாக மிதக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொருகும். அரைத்தூக்கத்தில் சின்ன வயசுத் தங்கை பக்கத்தில் படுத்திருப்பாள். விழித்தால் செடி. இலை மேல் சாம்பல் படிந்தாற்போல ஏதோ இருக்கிறதே, தூசியா?

ஈரத்துணியை எடுத்துவிட்டாள். தினமும் ஒவ்வொரு இலையாக, அழுத்தித் துடைத்தாள். உள்ளேயிருந்து பச்சை எட்டிப் பார்த்தது.

"இப்பத்தான் லட்சணமா இருக்க!" என்று கொஞ்சவும் செய்தாள்.

பத்தாவது நாள் அடியிலைகள் கறுத்துக் கூழாகின. தொட்டியைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கு ஓடினாள்.

"அது தூசி இல்லம்மா. இலைமேல இருக்கற மெல்லிசு முடி. வெயிலத் தாங்க அதுக்கு இருக்கற போர்வையே அதுதான். அதையும் தேய்ச்சு எடுத்து, இலையில தண்ணியும் தேங்க விட்டிருக்கீங்களே!" என்ற நர்சரிக்காரர், நல்ல நுனியாக மூன்று வெட்டிக் கொடுத்தார். "மணல் கலந்த மண்ணுல நடுங்க. மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி. இலையத் தொடவே கூடாது."

ஜன்னல் துடைப்பது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. தொடாமல் இருப்பதுதான் வேலை. மத்தியானம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு அந்த மூன்று குச்சிகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வெயில் நகரும், அவளும் அரைத்தூக்கத்தில் எங்கேயோ போய்விட்டு வருவாள். ஒன்று வாடியது. இன்னொன்று அழுகியது. மூன்றாவது, ஒரு மாதம் கழித்து, நகத்தளவு இலை ஒன்று விட்டது. முழு வெள்ளி. அழுதுவிட்டாள்.

தங்கை வந்த அன்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தூசின்னு நெனச்சுத் துடைச்சுட்டேன்டி. உன் செடி போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

தங்கை குனிந்து அந்தக் குச்சியைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"நானும் துடைச்சேன்க்கா. மூணு செடி செத்துச்சு. அம்மா நம்மள வளர்த்த லட்சணம் அப்படி. நாலாவதத்தான் உன்கிட்ட கொடுத்தேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்ட அவ்ளோ நேரம் பேசுற தைரியம் அன்னிக்கு இல்லக்கா."