ஏழாம் நம்பர் கையை எடுத்த மத்தியானம்

அந்தக் கம்ப்யூட்டரை அக்கா ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அது ஊரின் மறுகோடியில், பல்கலைக்கழகத்தின் குளிரூட்டிய கூடத்தில் இருந்தது. ஒரு வீட்டளவு பெரியது என்று சொன்னார்கள். அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் பஸ் கம்பெனி ஆபீசின் முதல் மாடியில், கிழிந்த சீட் உறைகளும் உடைந்த கண்ணாடிகளும் போட்டு வைத்திருந்த அறையின் ஒரு மூலையும், அதில் ஒரு டெலிடைப்பும்தான். டைப்ரைட்டரும் தையல் மிஷினும் சேர்ந்து பெற்ற பிள்ளை மாதிரி இருக்கும் அது. தட்டினால் மேசை ஆடும். பதில் வந்தால் தரையே ஆடும். ஆனாலும் அவள் வாய்க்கு அந்த மறுகோடி எந்திரம் எப்போதும் "என் கம்ப்யூட்டர்"தான். அதே கம்பெனியில் டிரைவராக இருந்த அவள் வீட்டுக்காரர், "உன் கம்ப்யூட்டருக்கு இன்னும் எத்தனை சொந்தக்காரங்க?" என்று சீண்டுவார்.

சொந்தக்காரர்கள் நிறையப் பேர்தான். ஆஸ்பத்திரி, சர்க்கரை ஆலை, வானிலை ஆபீஸ், கல்லூரிகள் என்று ஊர் முழுக்க இருபது இடங்களில் டெலிடைப் இருந்தது. எல்லாம் டெலிபோன் கம்பி வழியாக அந்த ஒரே எந்திரத்தோடு பேசின. பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தாய் ஆளுக்கொரு கரண்டியாகப் போட்டுக்கொண்டே சுற்றி வருவதுபோல, எந்திரம் ஒவ்வொருவர் வேலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டு வரும். ஆள் குறைந்தால் கரண்டி சீக்கிரம் திரும்பி வரும். கூடினால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒருவருக்கொருவர் செய்தியும் அனுப்பிக்கொள்ளலாம். முகம் தெரியாது, நம்பர்தான் தெரியும். அக்கா பன்னிரண்டாம் நம்பர். எந்திரத்துக்கு ஆங்கில எழுத்துதான் தெரியும், அதுவும் பெரிய எழுத்து மட்டும். அந்த எழுத்திலேயே எல்லாரும் வீட்டுப் பேச்சைத் தட்டினார்கள். கூடவே எதிராளியின் டெலிடைப்பில் ஒரு மணியும் அடிக்கலாம்.

"இன்னைக்கு மழை வருமா?" என்று அக்கா வானிலை ஆபீசைக் கேட்பாள்.

"குடை எடுத்துட்டுப் போங்க. ஆனா எங்களை நம்பி எடுத்தோம்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று பதில் வரும்.

ஏழாம் நம்பர் மட்டும் வேறு ரகம். பல்கலைக்கழகத்தில் நட்சத்திரக் கணக்குப் போடுகிற பேராசிரியர். எந்திரம் லேசாக மந்தமானால் போதும், ஊரிலுள்ள அத்தனை டெலிடைப்பிலும் அவர் மணி அலறும்: "யார் அது மெஷினை மென்னுக்கிட்டே இருக்கிறது? சீக்கிரம் முழுங்குங்க!"

அக்கா அந்த ஆபீசுக்கு டைப்பிஸ்டாக வந்தவள். டெலிடைப் வந்தபோது, வேகமாகத் தட்டத் தெரிந்த ஆள் என்று அவளை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். எண்களைத் தட்டிக்கொண்டிருந்தவள், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்து, தானே புரோகிராம் எழுத ஆரம்பித்துவிட்டாள். அவள் எழுதியது ஊருக்கே பஸ் அட்டவணை போடுகிற புரோகிராம். அதுவரை கையால் போட்ட அட்டவணையில், போன வருஷத்துத் தப்பையெல்லாம் பத்திரமாக இந்த வருஷத்துக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மேனேஜர் கெட்டவரில்லை, நம்பிக்கை இல்லாதவர். "அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அச்சகத்து ஆள் வருவார். அதுக்குள்ள வந்தா உங்க அட்டவணை போகும். வரலைன்னா பழையதே போகும். அப்புறம் இந்தச் சத்தத்தையும் திருப்பி அனுப்பிடலாம், நீங்களும் டைப்ரைட்டருக்கே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆபீசில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்த மேனேஜரும்கூட.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டம் சேருமுன் அக்கா வேலையை ஓடவிட்டாள். டெலிபோன் ரிசீவரை டெலிடைப்போடு இணைந்த ரப்பர் கிண்ணங்களில் படுக்க வைத்து, அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். எந்திரத்தின் பேச்சு கீச்சுக் குரலாக அந்த ரிசீவர் வழியாகத்தான் போய்வரும். ஒவ்வொரு வழித்தடமாக முடிந்து காகிதத்தில் இறங்கியது. சாப்பாட்டு வேளைக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. திடீரென்று டெலிடைப் குடிகாரன் மாதிரி உளற ஆரம்பித்தது. அர்த்தமில்லாத எழுத்துகளாகக் கொட்டிவிட்டு அப்படியே நின்றுபோனது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதே லைனில் மேனேஜர் அறையில் இன்னொரு போன் உண்டு. ஓடினாள்.

மேனேஜர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "ஹலோ! சாப்பாடு அனுப்பியாச்சான்னு கேட்டா, யாரது நடுவுல எலி மாதிரி கீச்சுக் கீச்சுன்னு?"

"நான்தான் சார்" என்றாள் அக்கா.

அவர் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "போயிடுச்சா?"

"காலையிலேர்ந்து ஓடினது பூரா."

மேனேஜர் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அச்சகத்தை இன்னொரு நாள் நிறுத்தி வைக்க அவராலும் முடியாது. நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ரிசீவர்மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்துகொண்டார். "போங்க, மறுபடி ஓட்டுங்க. இனிமே எவன் இதைத் தொடுறான்னு பாக்கிறேன்."

"நீங்க தொடாம இருந்தாப் போதும் சார்."

ஒரு வழித்தடத்தின் நேரத்தை வைத்துத்தான் அடுத்ததன் கணக்கு, லைன் அறுந்தால் எந்திரம் எல்லாவற்றையும் மறந்துவிடும்; விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆனால் மத்தியானம் என்பது ஊரே எந்திரத்தை மொய்க்கும் நேரம். காலையில் மளமளவென்று இறங்கிய அட்டவணை இப்போது சொட்டுச் சொட்டாக வந்தது. இந்த வேகத்தில் போனால் இருட்டிவிடும். எந்திரக் கூடத்து ஆபரேட்டருக்குச் செய்தி தட்டினாள்: "என் வேலையைக் கொஞ்சம் முன்னாடி தள்ளுங்க தம்பி."

"ரூல் தெரியும்ல அக்கா? இங்க யாருக்கும் தனி வரிசை கிடையாது. வேணும்னா நீங்களே எல்லாரையும் கேட்டுப் பாருங்க."

அக்கா யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரைகூட வாங்கியதில்லை. விரல்கள் தயங்கின. பிறகு தட்டினாள், எல்லா நம்பருக்கும்.

"பன்னிரண்டாம் நம்பர் பேசுறேன். பஸ் அட்டவணை ஓடுது. காலையில ஓடினது லைன் போய் அழிஞ்சிடுச்சு. அஞ்சு மணிக்குள்ள முடியலைன்னா இந்த டெலிடைப்பை எடுத்துடுவாங்க. கொஞ்ச நேரம் எல்லாரும் கையை எடுப்பீங்களா?"

முதல் மணி வானிலை ஆபீசிலிருந்து. "எடுத்தாச்சு. இன்னைக்கு மழையை நாளைக்குச் சொல்லிக்கிறோம்."

அடுத்தது சர்க்கரை ஆலை. "எடுக்கிறோம். ஆனா எங்க கேட் வாசல்ல பஸ் நிக்கணும்."

"நிறுத்தம் வைக்கிறது என் கையில இல்லீங்க."

"சும்மா கேட்டுப் பார்த்தேன். எடுத்தாச்சு."

கல்லூரிகள் ஒவ்வொன்றாக விலகின. ஆஸ்பத்திரி மட்டும், "மருந்துக் கணக்கு கொஞ்சம் பாக்கி இருக்கு, முடிச்சதும் எழுந்துடறோம்" என்றது. சொன்னபடியே எழுந்தது. ஆனாலும் டெலிடைப் இன்னும் நொண்டியது. பெரிய வாய் ஒன்று இன்னும் மென்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் அந்த மணியும் அடித்தது.

"ஏழாம் நம்பர். உங்க பஸ்ஸுக்கு என் நட்சத்திரம் எதுக்கும்மா வழி விடணும்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. திட்டித் தட்டலாமா என்று ஒரு கணம் விரல் துடித்தது. பிறகு வேறொன்றைக் கேட்டாள். "சார் எந்த பஸ்ல வீட்டுக்குப் போவீங்க?"

"நாற்பத்தொண்ணு. அதுக்கென்ன?"

"அதுல ரெண்டு பஸ் ஒட்டிக்கிட்டே வருமே?"

"வரும். அப்புறம் அரை மணி நேரம் ஒண்ணும் வராது. அந்த ரெண்டு டிரைவருக்கும் நடுவுல காதல் கீதல் இருக்கோன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்."

"ஒரு டிரைவர் என் வீட்டுக்காரர் சார்."

இந்தத் தடவை ஏழாம் நம்பர் மணி அடிக்காமலே தட்டினார்.

"மன்னிக்கணும்."

"பரவாயில்ல சார். அவங்க ரெண்டு பேரையும் பிரிக்கத்தான் இப்ப இது ஓடுது."

மணி ஒரே ஒரு தடவை அடித்தது. "பிரிங்க. கையை எடுத்துட்டேன்."

அதன் பிறகு நடந்ததைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். இருபது பேருக்குப் பரிமாறிய கை மொத்தமும் அவள் ஒருத்தியின் தட்டுக்கே வந்தது. டெலிடைப் ஆவேசம் வந்ததுபோல் தட்டித் தள்ளியது. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளை நடந்து போய்க் கீழே விழுந்தது. ஒவ்வொரு வழித்தடமாகக் காகிதம் சுருண்டு அவள் காலைச் சுற்றியது. கீழ்த்தளத்து ஆட்கள் என்ன இடிகிறது என்று படியேறி வந்தார்கள். போன்மேல் வைத்த கையை எடுக்காமலே மேனேஜர் அடுத்த அறையிலிருந்து கத்தினார். "வருதா அக்கா?"

"வருது சார்! கையை எடுத்துடாதீங்க!"

அச்சகத்து ஆள் வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது கடைசி வழித்தடம் இறங்கிக்கொண்டிருந்தது. மேனேஜரே வந்து காகிதத்தைக் கிழித்தார். நாற்பத்தொண்ணைத் தேடி எடுத்து, விரலால் நேரங்களைத் தொட்டுத் தொட்டுக் கீழே வரை போனார். எங்கேயும் இரண்டு பஸ் ஒட்டவில்லை. பழைய அட்டவணையைத் தன் மேசை டிராயரிலேயே விட்டுவிட்டு, புதியதைத் தானே சுருட்டி அச்சகத்து ஆளிடம் கொடுத்தார். "இது எங்க அக்கா போட்டது. ஒரு எழுத்து மாறக் கூடாது."

அக்கா எல்லா நம்பருக்கும் தட்டினாள்: "முடிஞ்சுது. இனி கை வைக்கலாம்." ஊரின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் மணி திரும்பி வந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக, நிற்காமல். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று காவலாளி மேலே ஓடி வந்தார். அடுத்த நிமிஷமே எல்லாரும் தங்கள் வேலைக்குத் திரும்ப, எந்திரம் பழையபடி நத்தையாகிவிட்டது. அக்கா அந்த நத்தை வேகத்தைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தாமதத்துக்கும் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

டெலிடைப் இன்னும் எட்டு வருஷம் அந்த அறையில் தரையை ஆட்டியது. பிற்பாடு புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து மேசைக்கு ஒன்றாக உட்கார்ந்தபோது, "ஆளுக்கொண்ணு கெடச்சுடுச்சு, சரிதான். ஆனா ஒரு ஊரே எனக்காகக் கையை எடுத்துச்சே, அது இதுல நடக்குமா?" என்பாள்.

புது அட்டவணை நடைமுறைக்கு வந்த முதல் நாள் அவள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். அக்கா எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், முகத்தைக் கழுவினார், துண்டால் துடைத்துக்கொண்டே துண்டுக்குள்ளிருந்து சொன்னார்.

"இன்னைக்குப் பூரா முன்னாடி போற பஸ்ஸோட முதுகை ஒரு தடவைகூடப் பாக்கலடி."