எண்ணிக்கை சொல்லாத வாட்ச்மேன்

எழுபதுகளில் ஓசூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் நான் இட்லி விற்றேன். அங்கே இருந்த வாட்ச்மேனுக்கு வெள்ளை மீசை, கஞ்சி போட்ட காக்கிச் சட்டை. எத்தனை இட்லி என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார். தட்டை நீட்டுவார், போதுமென்றால் கையை உயர்த்துவார்.

"ஏண்ணா, எண்ணத் தெரியாதா? படிக்காத நானே இருபது வரைக்கும் எண்ணுவேன்!" என்று சீண்டுவேன்.

ஒருநாள் அத்திப்பள்ளி பஸ்ஸில் வந்த புது ஆள் சாப்பிட்டுக்கொண்டே, "உள்ள ஷிப்டுக்கு எத்தனை பேரு வேலை செய்றாங்க, அக்கா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் வாட்ச்மேனின் தடி என் இட்லிக் குண்டானில் டங்கென்று விழுந்தது.

"சொல்லாதம்மா!" என்று அதட்டினார். வந்தவன் பாதி இட்லியோடு எழுந்து போய்விட்டான்.

"வந்த கிராக்கியத் தொரத்திட்டியேண்ணா!"

"ரெண்டாவது உலகச் சண்டை நடந்தப்ப ஆப்பிரிக்காவுல வெள்ளக்காரன் பட்டாளத்துக்குத் துணி தொவைச்சேம்மா. ஒரு வியாபாரி சிரிச்சுக்கிட்டே, வாரத்துக்கு எத்தனை சட்டைன்னு கேட்டான். பெருமையா சொல்லிட்டேன். அவன் இத்தாலிக்காரனோட உளவாளி. சட்டைக் கணக்க வச்சே பட்டாளத்துல எத்தனை பேருன்னு கண்டுபுடிச்சுட்டான். மூணாம் நாள் குண்டு போட்டாங்க. தொவைச்ச சட்டையெல்லாம் கொடியில காஞ்சுது. வாங்கிக்க ஆள் வரல."

இட்லி தின்ன வந்தவன் யாரென்று இன்றும் எனக்குத் தெரியாது. மறுநாள் வாட்ச்மேன் தட்டை நீட்டினார். நான் எதுவும் கேட்காமல் வைத்துக்கொண்டே இருந்தேன். அன்று பார்த்து மனிதர் கையை உயர்த்த மறந்துவிட்டார்.