ஆட்டுக் கத்தியில் என் எழுத்து

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுநாள், நான் செய்த கத்தி செய்தித்தாளில் சுற்றப்பட்டு என் வீட்டுக்கே திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் அலோர் காஜாவில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருக்கும் பாய். மேசைமேல் வைத்துவிட்டு, "வெங்காயம் நறுக்க வெச்சுக்கம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் தரம் பார்த்தவள் நான். மற்றவர்கள் வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். அதை விட்ட பிறகு, கார் நிறுத்தும் இடத்தில், உரசு பட்டை ஓடும் சாணை இயந்திரமான பெல்ட் கிரைண்டரைப் போட்டுக் கத்தி செய்ய ஆரம்பித்தேன். பாய்க்குச் செய்த அந்தக் கத்தியில் என் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாகப் பொறித்து வேறு கொடுத்திருந்தேன்.

குர்பானியின் முதல் ஆட்டிலேயே எலும்பு தட்டி, விளிம்பில் ஒரு பொடித் துண்டு பெயர்ந்துவிட்டதாம். ஆட்டின் கண்ணெதிரே கத்தி தீட்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பாய், குர்பானி நடந்த சூராவுக்கு, அதாவது சின்னத் தொழுகைக் கூடத்துக்குப் பின்னால் போய்த் தீட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த ஆட்டிலும் அப்படியே. மூன்றாவது ஆடு கயிற்றில் காத்துக்கொண்டு நின்றது என்று அவர் சொன்னபோது, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எஃகைக் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சக்கரத்தில்தான். பெல்ட்டுக்குப் பின்னால் நின்று அதைத் தாங்குகிற ரப்பர் சக்கரம் என்ன வளைவோ, அதே வளைவில்தான் கத்தியின் பக்கம் குழியும். என்னிடம் இருந்தது எட்டு அங்குலம். அது கிண்ணம் மாதிரி ஆழமாகக் குடைந்து, விளிம்புக்குப் பின்னால் எஃகே இல்லாமல் செய்துவிட்டது. பதினான்கு அங்குலச் சக்கரம் என்றால் தட்டுப் போல லேசான குழிவுதான் வரும். கத்தியும் கூராகும், விளிம்புக்குப் பின்னால் பலமும் மிஞ்சும்.

வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"என்னா இது, லாரி டயரா? இவ்ளோ பெருசு சுத்துனா பெல்ட்டு வேகம் கூடி இரும்பு வெந்துறாதா?"

"வேகத்த முடிவு பண்றது மோட்டர்ல இருக்குற சின்ன வீலுதான்லா. இந்தப் பெருசு சும்மா பின்னால நின்னு தாங்கும், அவ்ளோதான்."

"அப்போ நம்ம வீட்டுல நான் மாதிரி" என்றார். சுவிட்சைத் தட்டினேன்.

பாயிடம் நானே போய்ப் பேசினேன். இந்த வருஷமும் நான்தான் செய்வேன், பிடிக்காவிட்டால் இனிமேல் கத்தியே செய்ய மாட்டேன் என்றேன். வீம்புதான். ஆனால் மனதாரச் சொன்னேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு கத்தி தயார். விளிம்பைக் கட்டை விரல் நகத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தேன். நுனிப் பக்கம் ஓரிடத்தில் லேசாகக் கடித்தது, அங்கே ஒரு பொடிப் பிசிறு. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. தொழிற்சாலையில் இப்படி ஒரு பொருள் வந்திருந்தால் விட்டிருப்பேனா? மறுபடி சக்கரத்தில் வைத்து, வாளித் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, முழு விளிம்பையும் புதிதாக எடுத்தேன். இப்போது நகத்தில் வழுக்கிக்கொண்டு போனது. எழுத்துப் பொறிக்க மட்டும் கை வரவில்லை. வெறுமனே கொடுத்து அனுப்பினேன்.

பெருநாளன்று மத்தியானம் வாசலில் பாயின் மோட்டார் சைக்கிள் நின்றது. கையில் அதே மாதிரி செய்தித்தாள் பொட்டலம்.

"எட்டு ஆடு அறுத்தாச்சு. நகத்துல வெச்சுப் பாரும்மா."

பார்த்தேன். எங்கேயும் கடிக்கவில்லை.

"அப்புறம் ஏன் பாய் திருப்பிக் கொண்டாந்தீங்க?"

அவர் கத்தியைத் திருப்பிக் காட்டினார். "அங்க யார் செஞ்சதுன்னு மூணு பேரு கேட்டுட்டாங்க. ஒன் எழுத்து எங்கம்மா?"

உள்ளே போய்ப் பொறிக்கும் பேனாவை எடுத்து வந்தேன். போன வருஷத்தைவிடப் பெரிதாகவே பொறித்தேன்.