கடைசிக் கடைக்குக் கொஞ்சம் பசி

பல்லரோ சந்தையில் நின்ஃபாவைப் பற்றிக் கேட்டால், வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுகிறவள் என்பார்கள். அது பாதிகூட உண்மையில்லை. பலேர்மோவுக்கு வருகிறவர்களைச் சந்தைக்குள் நடத்திக் கூட்டிப்போய், கடை கடையாக நிறுத்தித் தின்ன வைப்பது அவள் பிழைப்புதான். ஆனால் அதில் முக்கால்வாசி வேலை அவர்களை அதிகம் தின்ன விடாமல் தடுப்பது. மொத்தம் நான்கு கடை. நான்காவது கடை வரைக்கும் வந்தவர்கள் வயிற்றில் பசி உயிரோடு இருக்க வேண்டும். காற்றடிக்கிற தெருவில் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு போவது மாதிரி. இந்த ஊர்க்காரர்களோ அதை ஊதி அணைப்பதற்கென்றே பிறந்தவர்கள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்தது தற்செயலாக. பல வருஷம் ஒரு பல் வைத்தியரிடம் வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தாள். வைத்தியர் வயதாகிக் கடையைக் கட்டியபோது, பக்கத்துச் சந்தில் அறைகள் வாடகைக்கு விடுகிறவள், தன் விருந்தாளிகளைச் சந்தைக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்டாள். நின்ஃபாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வைத்தியரிடம் வந்த வெளிநாட்டு நோயாளிகளிடம் கற்றது. வாயைத் திறங்க, கடிங்க, பயப்படாதீங்க, இன்னும் கொஞ்சம்தான். புதிய தொழிலுக்கும் அது அப்படியே பொருந்தியது.

முதல் கடை காஸ்பரேயுடையது. குங்குமப்பூச் சோற்றை உருட்டி, உள்ளே இறைச்சி வைத்துப் பொரிக்கிற அரஞ்சினா. ஒன்று தின்றால் சாயங்காலம் வரை வேறெதுவும் கேட்காது. அதனால், என் ஆட்களுக்கு மட்டும் சின்னதாகப் போடுங்கள் என்று அவள் கெஞ்சியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை தட்டு வந்தபோது எட்டிப் பார்த்தாள்.

"காஸ்பரே அண்ணே, சின்னதா ஒண்ணு போதும்னுதானே சொன்னேன்?"

"சின்னதாத்தானே போட்டிருக்கேன்?"

"ஆளுக்கு மூணு போட்டிருக்கீங்க."

"சின்னதா இருக்கேம்மா. பாக்கவே பாவமா இருந்துச்சு."

இரண்டாவது கடையில் காஸ்த்ரென்சே. சாய்ந்த சட்டிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கொழுப்பில் வதங்கிய மண்ணீரலை ரொட்டிக்குள் அள்ளி வைக்கிறவர். பாதி ரொட்டி கொடுத்தால் போதும் என்று அவள் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பாதியா? நான் என்ன மருந்துக் கடையா வச்சிருக்கேன், காலையில பாதி, மத்தியானம் பாதின்னு குடுக்க?"

மூன்றாவதாகப் புரோவிதென்சா. பேய்க்கணவாயை வேகவைத்து, கல்லின் மேல் போட்டு நறுக்கி, எலுமிச்சை பிழிந்து நீட்டுகிறவள். அவளுக்குச் சந்தைக்கு வருகிற பெண்கள் எல்லாருமே தாயில்லாப் பிள்ளைகள்.

"இந்தப் பொண்ணுக்கு இடுப்பையே காணோமே. இவங்கம்மா பாத்தா அழ மாட்டாளா?"

"அக்கா, அந்தம்மா பேரன் பேத்தி எடுத்தவங்க."

"அப்படியா? பேரப்பிள்ளைங்க வேற தூக்கிச் சுமக்கணுமே. இன்னும் ரெண்டு கால் போடறேன்."

நின்ஃபா விருந்தாளிகளைத் தயார்ப்படுத்தாமல் இல்லை. சந்தைக்குள் நுழையும் முன்பே பாடம் எடுத்துவிடுவாள். இந்த ஊரில் முதல் 'வேண்டாம்' வெட்கம். இரண்டாவது 'வேண்டாம்' மரியாதை. மூன்றாவதுதான் வேண்டாம். வயிற்றில் கை வைத்து மூன்று தடவை சொல்லுங்கள் என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பார்கள். கடைக்கு முன்னால் நின்றதும் ஒரு தடவை மெல்லச் சொல்லிவிட்டு, வந்த தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டுத் தின்று தீர்ப்பார்கள். வடக்கத்திக்காரர்களின் நாகரிகத்தை நினைத்தால் அவளுக்கு நெஞ்செரிச்சல் வந்தது.

இத்தனை எரிச்சலையும் அவள் சகித்துக்கொண்டிருப்பாள், நான்காவது கடை அவள் புருஷன் ஒனோஃப்ரியோவுடையதாக இல்லாவிட்டால்.

கப்பல் பட்டறையில் தகடு பற்றவைத்துக்கொண்டிருந்தவன் அவன். பட்டறையில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்து, கார்மினே மாதா கோயில் சுவரை ஒட்டி ஒரு சின்னக் கடை பிடித்தான். பனெல்லே போட்டான். கொண்டைக்கடலை மாவைக் கிண்டி, பரப்பி ஆறவைத்து, வில்லை போட்டுப் பொரித்து, எள் ரொட்டிக்குள் வைப்பது. ஊரில் ஆயிரம் பேர் போடுகிறார்கள். ஆனால் இவன் வில்லைகள் எல்லாம் தகடு மாதிரி ஒரே கனம். ஓரம் நொறுங்கும், நடு குழையும். வீட்டில் அவனைப் புகழ்ந்து பழக்கமில்லாத நின்ஃபாவுக்கே அது தெரிந்திருந்தது. தெரிய வேண்டியவர்களுக்குத்தான் தெரியவில்லை. பல்லரோவில் ஆட்கள் தங்கள் அப்பா வாங்கிய கடையில்தான் வாங்குவார்கள். புதுக் கடைக்கு அவள் கூட்டிவருகிற கூட்டம் ஒன்றுதான் கதி. அந்தக் கூட்டமோ வயிறு முட்ட வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் இடுப்புவாரை இரண்டு துளை தளர்த்திக்கொண்டு நின்றார். ஒனோஃப்ரியோ நீட்டியதை வாங்கி ஒரு ஓரத்தைக் கடித்தார். அருமை என்றார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வில்லையைத் தாளில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டார். பையில் எண்ணெய்க் கறை மெல்லப் பரவுவதை ஒனோஃப்ரியோ கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி பூனைக்குப் போட்டாள். பூனை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. அதற்கும் புரோவிதென்சா கடையிலேயே வயிறு நிறைந்திருந்தது.

சாயங்காலம் நின்ஃபா வீட்டுக்கு வந்தபோது, பரணிலிருந்த பெரிய துணிப்பை கட்டில் மேல் கிடந்தது.

"என்ன இது?"

"வடக்க தோரினோவுல தம்பி வேலை பாக்கற ஃபாக்டரில ஆள் எடுக்கறாங்களாம். கடையை அந்த போன் கவர் விக்கிறவன் கேட்டுக்கிட்டே இருக்கான். நாளைக்கு வர்றேன்னான். பேசி முடிச்சிடலாம்னு பாக்கறேன்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணே?"

"பூனையைக் கேட்டுத்தான்."

"அவங்க வயிறு முட்ட வர்றாங்க, மனுஷா. எத்தனை தடவை சொல்றது?"

"நல்லா இருந்தா வயிறு முட்டினாலும் ஒரு வாய் உள்ள போகும். எங்கம்மா சமைச்சா போகலையா?"

எரிச்சலூட்டுகிறவன் நியாயமும் பேசிவிட்டால் அதைவிடப் பெரிய எரிச்சல் கிடையாது. நின்ஃபா சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். தோரினோ ரயில் ஒரு ராத்திரியும் பகலும் ஓடும். அதில் ஏறிப் போனவர்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள், பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வந்தார்கள். அவள் அப்பாவே அப்படித்தான்.

கடைகளின் வரிசையை மாற்றினால் என்ன என்று அவளுக்கு முன்பே தோன்றாமல் இல்லை. ஆனால் சந்தையில் வரிசை என்பது விளையாட்டில்லை. முதல் இடம் காஸ்பரேக்குச் சொந்தம், கடையின் சுவர் மாதிரி. அவரை எடுத்துவிட்டுப் புருஷனை வைத்தால், மறுநாள் தலைமுடி வெட்டுகிறவன் வரைக்கும் பேசுவான். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் மேல் பை கிடந்த பிறகு அந்தப் பயம் சின்னதாகிவிட்டது.

"நாளைக்கு நீதான் முதல்," என்றாள், ஈரக் கையோடு வந்து நின்று. "ஆளுக்கு ஒரு சின்ன ரொட்டி, உள்ள ரெண்டு வில்லை, எலுமிச்சை. அவ்வளவுதான். மத்த மூணு கடைக்கும் பசி மிஞ்சணும். இன்னொண்ணு கேட்டா என்ன சொல்வே?"

"இல்லேம்பேன்."

"சொல்லிக் காட்டு."

"இல்ல."

"குடுக்கறவன் மூஞ்சி மாதிரி இருக்கு. இன்னொரு தடவை சொல்லு."

சனிக்கிழமை காலை அவள் தன் எட்டுப் பேரையும் பின்சந்து வழியாகக் கூட்டிப்போய், கோயில் பக்கமிருந்து சந்தைக்குள் நுழைந்தாள். யாரும் காலையில் ஒன்றும் தின்றிருக்கவில்லை. ஒனோஃப்ரியோ சவரம் செய்து சலவைச் சட்டை போட்டிருந்தான். ரொட்டிகள் கைமாறின. கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நின்ஃபா புருஷன் முகத்தைப் பார்த்தாள். பல நாளாக இறுகிக் கிடந்த தாடை இளகியது.

அத்தோடு கிளம்பியிருக்க வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த ஐல்சா என்ற பெண்மணி, நீச்சல்காரத் தோள்கள் கொண்டவர், காலித் தாளை நீட்டி, இன்னொன்று கிடைக்குமா என்றார்.

ஒனோஃப்ரியோ 'இல்ல' என்பதற்கு வாயைத் திறந்தான். கை எண்ணெய்க்குள் வில்லையைப் போட்டுவிட்டது. ஒருவருக்குப் போட்டு மற்றவர்களுக்குப் போடாமல் இருக்க முடியுமா? எல்லாருக்கும் போட்டான். கூடவே உருளைக்கிழங்கு உருண்டை. அதன் கூடக் கத்தரிக்காய்ப் பொரியல். நின்ஃபா இருமினாள். கண்ணை உருட்டினாள். அவன் இந்தப் பக்கமே திரும்பவில்லை. எட்டுப் பேரும் ரொட்டியை நிறுத்திவிட்டு வெறும் வில்லைகளாக வாங்கித் தின்னும் நிலைக்கு வந்தபோது அவளே எண்ணெய்ச் சட்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"இல்லேன்னு சொல்றேன்னியே."

"கேட்டாங்க, நின்ஃபா," என்றான். கண் கலங்கியிருந்தது, புகையாலா என்று சொல்ல முடியாது. "அவங்களாவே கேட்டாங்க."

புரோவிதென்சா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "என்ன தங்கச்சி, கூட்டம் பின்பக்கமா வருது? எவனாவது செத்துட்டானா?"

பேய்க்கணவாய்த் தட்டு வந்தது. எட்டுப் பேரும் வயிற்றில் கை வைத்தார்கள். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். இத்தனை மாதத்தில் பாடத்தை ஒழுங்காக ஒப்பித்த முதல் கூட்டம் இதுதான். புரோவிதென்சாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. சந்தையில் செய்தி கால் இல்லாமலே ஓடும். அவர்கள் காஸ்த்ரென்சே கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டியை மூடிவிட்டு அதன் மேல் முழங்கையை ஊன்றியிருந்தார். காஸ்பரே தன் கடையை விட்டு அங்கேயே வந்து நின்றார். புரோவிதென்சாவும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

"ஏம்மா, புருஷன் கடையில விருந்து, எங்க கடையில விரதமா?"

நின்ஃபாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"ஆமா, விரதம்தான். ஒரு மாசமா அவன் கடைக்கு நீங்க அனுப்பினது விரதம்தானே? ஒண்ணுன்னா மூணு போடறது, பாதின்னா முழுசு போடறது, பேரன் எடுத்தவளுக்கு இடுப்பு இல்லேன்னு ஊட்டி விடறது. ஒரு பசியாவது உயிரோட அங்க வந்து சேந்துச்சா? பூனைகூடத் திங்கல. பையை எடுத்துக் கட்டில் மேல வச்சிருக்கான். தோரினோ போறானாம். போங்க, மூணு பேரும் ஸ்டேஷன் வரைக்கும் போய்க் கையாட்டிட்டு வாங்க. அங்கயும் வழிக்கு எதையாவது கட்டிக் குடுப்பீங்க."

எட்டு விருந்தாளிகளும் இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். ஐல்சா கை தட்டினார்.

காஸ்பரே ஏப்ரனில் கையைத் துடைத்தார். "குறைச்சுப் போடுன்னுதானே சொன்னே. அவன் ஊரை விட்டுப் போறான்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நேத்துத்தானே எனக்கே தெரியும்."

"அதுக்கு முன்னாடி அவன் கடை ஓடலேன்னாவது சொன்னியா?"

அவள் சொன்னதில்லை. புருஷன் கடை ஓடவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"அது இருக்கட்டும்," என்றார் காஸ்த்ரென்சே, முழங்கையை எடுக்காமலே. "என் மண்ணீரலை வேண்டாங்கற அளவுக்கு அப்படி என்னத்தப் போட்டான் அவன்?"

அதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று பேராலும் வேலை பார்க்க முடியாது என்பது நின்ஃபாவுக்குச் சட்டென்று புரிந்தது. மூவரும் ஏப்ரனோடு ஒனோஃப்ரியோ கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். மூன்று கடைக்காரர்கள் வியாபார நேரத்தில் ஒன்றாக நடந்தால் சும்மா இருக்குமா சந்தை? பின்னால் ஆட்கள் வந்தார்கள். யார் யாரை அடிக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

காஸ்த்ரென்சே ஒரு வில்லையைக் கடித்தார். "உப்பு கம்மி." இன்னொன்றை எடுத்தார். "இதுலயும் கம்மி." மூன்றாவதையும் சோதித்துப் பார்த்தார். புரோவிதென்சா, மெல்லியதாக இருக்கிறது, இதைத் தின்று எவன் தேறுவான் என்று சொல்லிக்கொண்டே ரொட்டியில் நான்கை அடுக்கச் சொன்னாள். காஸ்பரே ஒரு முழு ரொட்டியையும் நின்றபடியே தின்று முடித்தார். ஒனோஃப்ரியோ வெளிறிப்போய் நின்றான். வாயைத் துடைத்துக்கொண்டு காஸ்பரே கடைசியாகச் சொன்னது, "வீட்டுக்கு ரெண்டு கட்டு. எங்க வீட்டம்மாவுக்குப் பிடிக்கும்."

காஸ்பரே வீட்டுக்கு வாங்குகிறாரென்றால் அதற்குமேல் யாரும் யோசிக்கத் தேவையில்லை. அடிதடி பார்க்க வந்த கூட்டம் வரிசையாக மாறியது. போன் கவர் விற்கிறவன் சொன்னபடி வந்து சேர்ந்தான். கடைக்காரனிடம் பேச வழி கிடைக்காமல் வரிசையில் நின்று, முறை வந்தபோது ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனான்.

நின்ஃபா விருந்தாளிகளை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது சட்டியில் எண்ணெய் அடங்கிக்கொண்டிருந்தது. ஒனோஃப்ரியோ காலித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பை எங்க?" என்றான்.

"எதுக்கு?"

"மாவு தீந்துபோச்சு. பெரிசா ரெண்டு மூட்டை வாங்கிட்டு வரணும். அதுலதான் கொள்ளும்."

அவள் கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது, காலையிலிருந்து தான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை என்று.

"எனக்கு ஒண்ணு குடு."

ஒனோஃப்ரியோ தட்டைப் பார்த்தான். கடைசியாக எலுமிச்சைக் கூடையைப் பார்த்தான். அதுவும் காலி. "உனக்கு எடுத்து வைக்கணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்."

அவனைத் திட்டத் தொடங்குவதற்குள் சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து மூன்று குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பசி எந்தக் கடையில் முழுசாக இருக்கும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. திங்கட்கிழமை முதல் கடை யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டு அவர்கள் அவளைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள்.