பெப்ரவரியில் திறந்த நோன்பு

காலாவதியான பொருளை வீட்டுக்குள் எடுக்காத குடும்பம் எங்களுடையது. நுரைச்சோலையில் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. உம்மாவோ பால்மாப் பைக்கற்றைத் திருப்பித் திருப்பித் திகதி பார்க்காமல் வாயைக் கத்தரிக்க மாட்டார். அப்படிப்பட்ட வீட்டுக்குள் தவணை முடிந்த ஒரு கணினி இயங்குதளத்தைத் தைரியமாகக் கொண்டுவந்து சேர்த்தவர் என் சாச்சா, வாப்பாவின் தம்பி.

அது முழுமையான பதிப்பும் இல்லை. விற்பனைக்கு வருமுன்னர், பாவித்துப் பார்த்துப் பிழை சொல்லுங்கள் என்று சும்மா கொடுத்த ‘பீட்டா’ என்கிற வெள்ளோட்டப் பதிப்பு. புத்தளத்தில் கொம்பியூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்த சாச்சா யாரோ கூட்டாளியிடமிருந்து அதை ஒரு டிஸ்க்கில் வாங்கி வந்தார். அதற்குள் அசல் பதிப்பே கடைகளுக்கு வந்து பழசாகத் தொடங்கியிருந்தது. ஆனாலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழையதை அழித்து, அதோடு என் கார்ப் பந்தயத்தையும் அழித்து, இதைப் போட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த அநியாயத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புது இயங்குதளம் அழகாகத்தான் இருந்தது, ஓடும் மட்டும். கொஞ்ச நேரம் ஓடும். பிறகு தவணை முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவித்தல் வரும். அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடியும் அதே கூத்து.

“பீட்டா எண்டா அப்பிடித்தான் மச்சி” என்று உம்மாவிடம் சொன்னார் சாச்சா.

“டேட் முடிஞ்ச சாமான் எண்டு நேரா சொல்லுங்களே தம்பி” என்றார் உம்மா.

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு சாச்சா ஒரு வழி கண்டுபிடித்தார். நடப்பது ஓகஸ்ட். கணினியின் திகதியை மட்டும் பெப்ரவரிக்குத் தள்ளிவிட்டார். தவணை இன்னும் முடியவில்லை என்று நம்பிக்கொண்டு அந்த மடப் பெட்டியும் ஓடத் தொடங்கியது. கடையில் இந்த வேலை செய்தால் பொலிஸ் வரும் என்று உம்மா முணுமுணுத்தார். சாச்சாவோ தானே அந்த இயங்குதளத்தை எழுதியவரைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அந்த நேரம் பார்த்து நோன்பு வந்தது. அந்த வருடம்தான் என் முதல் முழு நோன்பு. அதற்கு முன் பிடித்ததெல்லாம் பகல் சாப்பாட்டோடு முடிகிற அரை நோன்புகள். பக்கத்து வீட்டுப் பையன் என் வயதுக்காரன். ஏற்கெனவே முழு நோன்பு பிடித்துவிட்டு வேலிக்கு மேலால் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தான். ஒரு நோன்பாவது சரியாகப் பிடித்து அவன் வாயை அடைக்காவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்ற நிலைமை எனக்கு.

விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினேன். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நான் களவாகத் தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் அக்காவுக்கு, ராத்தாவுக்கு வந்தது. அவளுக்குப் பதினாலு வயது. எனக்கென்றால் பயம், தனியே இருந்தால் குடித்துவிடுவேனோ என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் அவளை ஒட்டிக்கொண்டே திரிந்தேன். அவள் குசினி அடுப்படிக்குப் போனால் நானும் போனேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் தட்டினேன். “கொஞ்சம் வெளிய போய் வெளயாடன் மவன்” என்று உம்மா இரண்டு மூன்று தரம் துரத்திப் பார்த்தார். நான் அசையவில்லை.

பின்னேரம் வாப்பா நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். ஓகஸ்டில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றில், தொழுகைக்கு அழைக்கும் பள்ளி பாங்கு சில நாள் கேட்கும், சில நாள் கடலுக்குப் போய்விடும். அதனால் நோன்பு திறக்க வீட்டில் ரேடியோ பாங்கைத்தான் நம்புவோம். அன்று சாச்சா ரேடியோவை அணைத்துவிட்டார். ஊரின் பெயரைக் கொடுத்தால், திகதியைப் பார்த்துச் சூரியன் மறையும் நேரத்தைக் கணக்கிட்டுத் தானே பாங்கு சொல்லும் ஒன்றைக் கணினியில் போட்டு வைத்திருந்தார்.

“ரேடியோ கொழும்பு நேரம் சொல்லும், நாங்க நிமிசம் கூட்டோணும். இது நுரைச்சோலைக்கே கணக்குப் பாத்து சொல்லும்” என்றார்.

பாயில் கஞ்சியும் சமோசாவும் சர்பத்தும் இருந்தன. உம்மா, ராத்தா, சாச்சா, நான். கணினி பாங்கு சொன்னது. ஓதிவிட்டு ஈச்சம்பழத்தைக் கடித்தேன். அரைக் குவளை சர்பத்தை ஒரே மூச்சில் இறக்கினேன். உலகத்தையே வென்ற சந்தோஷம் எனக்கு. கஞ்சியை வாய் நிறைய எடுத்தபோது வேலிக்கு அப்பாலிருந்து அந்தப் பாழாய்ப்போன குரல் வந்தது.

“இன்னம் பாங்கு சொல்லல்லயே! என்னத்த தின்றீங்க?”

சாச்சா பாய்ந்து ரேடியோவைப் போட்டார். அதில் மார்க்கச் சொற்பொழிவு, பயான், ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தது. கணினியைப் பார்த்தார். “மணி சரியாத்தானே இரிக்கி” என்றார். பிறகு பக்கத்தில் இருந்த திகதியில் விரலை வைத்தார். மணி சரிதான், மாதம்தான் பிழை. எங்கள் ஊரில் பெப்ரவரிச் சூரியன் ஓகஸ்டை விட ஆறேழு நிமிடம் முந்தி மறைகிறது. அந்தப் பெட்டி பெப்ரவரிக்குப் பிழையில்லாமல் பாங்கு சொல்லியிருக்கிறது.

உம்மா துப்பினார். சாச்சா முற்றத்துக்கு ஓடித் துப்பினார். நானும் அழுதுகொண்டே துப்பினேன். ராத்தா மட்டும் துப்பவில்லை. குனிந்த தலையோடு குவளையை இன்னொரு தரம் வாய்க்குக் கொண்டுபோனாள்.

“உம்மா! ராத்தா துப்பல்ல! ராத்தா இன்னம் குடிக்கிறா!” என்று நான் ஊர் கேட்கக் கத்தினேன்.

உம்மா என் வாயிலே அடி ஒன்று வைத்தார். அவளுக்கு அல்ல, எனக்கு! ராத்தா குவளையை வைத்துவிட்டு அழுதுகொண்டு உள்ளே போனாள். சாச்சா ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பள்ளியிலிருந்து வந்த வாப்பா விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நோன்பு செல்லாது, பெருநாளுக்குப் பிறகு அதற்குப் பதிலாக ஒரு நோன்பு கழாப் பிடிக்க வேண்டும் என்றார். அந்த இயங்குதளத்தை அன்றைக்கே அழிக்கச் சொன்னார். எனக்கு நோன்பு இன்னும் கடமையில்லையாம், அதனால் கவலை வேண்டாமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாச்சாவைத் திட்ட முடியாது, பெரியவர். ஆகவே மிச்ச நோன்பு முழுக்க ராத்தாவை ‘நோன்புக் கள்ளி’ என்று கூப்பிட்டேன். வாப்பாவுக்கு முன்னாலும் கூப்பிட்டேன். அவள் ஒரு தரம்கூடத் திருப்பிப் பேசவில்லை. அதையே அவள் குற்றத்துக்குச் சாட்சியாகவும் எடுத்துக்கொண்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் கலியாணம் முடித்த முதல் வருட நோன்பில் ஒருநாள் கடையிலிருந்து நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என் மனைவி திடுக்கிட்டுக் கோப்பையை மறைத்தாள். மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பு இல்லை என்பது எனக்குத் தெரிந்ததுதான். அந்த நாட்களில் வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் எப்படி ஒளிந்து ஒளிந்து ஒரு வாய் குடிக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அன்று கண்டேன். குடிக்கச் சொல்லிவிட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தேன். ராத்தாவின் நினைப்பு வந்தது.

அவளுக்கு அன்று நோன்பே இல்லை. விடிந்ததிலிருந்து அவள் போன இடமெல்லாம் நான் போனேன், சாத்திய கதவையெல்லாம் தட்டினேன். அந்தச் சர்பத்துத்தான் அன்று முழுவதும் அவள் தொண்டையில் இறங்கிய முதல் தண்ணீர் என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.