இருநூறு கிராம் கோட்டைத் தாண்டிய துணி: வில்லியனூர், பாகூர் ஒரு நாள் பயணம்

சென்னையிலிருந்து பஸ்ஸிலேயே போய் வில்லியனூர், பாகூர் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். 1987 மார்ச்சில் நான் போயிருக்கிறேன். ஊர் பார்க்க அல்ல, ஒரு கையெழுத்து வாங்க.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஏற்றுமதிச் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வில்லியனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருந்த பிலோமினா என்பவரின் முதல் ஏற்றுமதி எங்களிடம் வந்திருந்தது. நீலச் சாயமிட்ட ட்வில் துணி, 1,800 மீட்டர். அறுபது பங்கு பருத்தி, நாற்பது பங்கு பாலியஸ்டர். இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் வசமுள்ள ரெயூனியன் தீவில் குடியேறிய அவருடைய சித்தி மகன், அங்கே சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களின் சீருடைக்காகக் கேட்டிருந்தார். (ட்வில் என்றால் சாய்வரி தெரிய நெய்த கெட்டித் துணி. உங்கள் ஜீன்ஸைப் பாருங்கள், புரியும்.)

சுங்க வகைப்பாட்டில் இந்தத் துணிக்கு ஒரு கோடு உண்டு. சதுர மீட்டர் எடை 200 கிராமுக்கு மேல் இருந்தால் கனத் துணி, அதற்கு ஓர் எண். இல்லாவிட்டால் வேறு எண். பிலோமினா 206 என்று எழுதியிருந்தார். நாங்கள் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வாங்கிய சான்றில் 196 என்று இருந்தது. பத்திரம் நின்றுவிட்டது. கப்பலுக்கு மூன்று நாள்தான்.

"லேசான துணின்னு மாத்தி இந்தக் கடுதாசில கையெழுத்து வாங்கிட்டு வா. அந்தம்மா போடலைன்னா நீயே போட்டுடு" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

காலை ஐந்தரைக்குப் பாரிமுனையில் பஸ். திண்டிவனம் வழியாகப் பாண்டிச்சேரி சுமார் 160 கிலோமீட்டர், டிக்கெட் பதினாறு ரூபாய். ஒன்பதே முக்காலுக்கு இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். வில்லியனூர் பத்து கிலோமீட்டர், எழுபத்தைந்து காசு. "தறிக்கொட்டாய்க்கா? கோயில் தேர் நிக்கிற எடத்துல எறங்கி மேக்கால நடம்மா, சத்தம் கேக்கும்" என்றார் கண்டக்டர். கேட்டது.

பிலோமினாவுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவைச் செயின், புடவை முந்தானையில் பஞ்சுத் தூசி. கடிதத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"இதுல கையெழுத்து போட்டா கப்பல் ஏறிடும். அங்க எறங்குமா? எஞ் சித்தி மவன் அங்க வாங்கின பர்மிஷனு கெட்டித் துணிக்கு. பேங்க் பேப்பர்லயும் அதான் கீது. எங்கூட ஆறு பேரு மூணு மாசமா இதத்தான் நெய்ஞ்சாங்க."

"சான்றுல 196னு வந்திருக்குக்கா."

"அப்ப வா. மிச்சத் துணி பாகூர் சாயப்பட்டறையில கீது. நீயே நிறுத்துப் பாரு."

தன் மொபெட்டின் பின்னால் என்னை உட்காரவைத்துக் கிளம்பினார். ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பதினேழு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கரும்பு. ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதில் முக்கால் மணி நேரம் ஆனது.

சாயப்பட்டறையில் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டிக்கொண்டோம். அது இரண்டு கிராமுக்கு மேல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அத்தனை நுணுக்கமாக நிறுக்கப் பாகூர்க் கடைத்தெருவில் ஒரு நகைப் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் ஒரு தோட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். துண்டை வாங்கிக் கரி அடுப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்துத் தராசில் போட்டார்.

"ஒரு கிராம் தொள்ளாயிரத்து எழுவது மில்லி."

பிலோமினா படியில் உட்கார்ந்துவிட்டார். "நூல கொறச்சுட்டாங்களா? நான்தான் சரியா பாக்கலயா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "குடும்மா அந்தக் கடுதாசிய."

கொடுத்தேன். வந்த வேலை முடிந்தது என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

"இருங்கம்மா, ரெண்டு தபா போடாம நான் எடை சொல்றதில்ல" என்றார் பட்டறைக்காரர். எங்களுக்கு டீ வரவழைத்தார். துண்டு வாசல் காற்றில் கிடந்தது. அரை மணி கழித்து மறுபடியும் நிறுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இன்னாம்மா இது, துணி எடை ஏறுது? ரெண்டு கிராம் அம்பது மில்லி!"

அடுப்புச் சூட்டில் பருத்தியின் ஈரம் போயிருக்கிறது, காற்றில் திரும்ப வந்திருக்கிறது. நூலைப் பிரித்துக் கலவை பார்க்க, சோதனைக்கூடத்தில் முதலில் துணியைச் சூட்டடுப்பில் உலர்த்துவார்கள். நானே அங்கே பார்த்திருக்கிறேன். அந்த உலர்ந்த துண்டையே எடைக்கும் நிறுத்து 196 என்று எழுதியிருப்பார்கள். பிலோமினாவின் கையில் பேனா மூடி திறந்திருந்தது, கையெழுத்து இன்னும் விழவில்லை. கடிதத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் முதலாளி என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் மறுபரிசோதனைக்கு மனுப் போட்டோம். பிலோமினா அக்காவே சென்னைக்கு வந்து கூட நின்றார். சுங்க அதிகாரி பொறுமையாகக் கேட்டு, துணியை ஒரு நாள் முழுக்க அறைக் காற்றில் விட்டு நிறுக்கச் சொன்னார். 205 வந்தது. அந்தக் கப்பல் போய்விட்டிருந்தது. பதினோரு நாள் கழித்து அடுத்ததில் ஏற்றினோம். தாமதத்துக்குச் சித்தி மகன் கோபித்துக்கொண்டார், சரக்கைத் திருப்பவில்லை. அடுத்த வருடமும் கேட்டு எழுதினார்.

அதற்கு முன் எத்தனையோ பத்திரங்களில் "சாயமிட்டது, ட்வில், 200 கிராமுக்கு மேல்" என்று அடித்திருக்கிறேன். அந்த வரிக்குப் பின்னால் மூன்று மாதம் நெய்தவர்கள் இருப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

போகிறவர்களுக்கு: காலையில் வில்லியனூர், மதியம் பாகூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே கரிக்கலாம்பாக்கத்தில் பஸ் மாற வேண்டியிருக்கலாம். மேலே சொன்ன பஸ் நேரமும் டிக்கெட்டும் 1987-இல் இருந்தவை, இப்போதைய நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். துணி வியாபாரமாகப் போகிறவர்கள், எடைச் சான்று வாங்கினால் எந்த நிலையில் நிறுத்தார்கள் என்று அதிலேயே எழுதி வாங்குங்கள்.

இதை எழுதலாமா என்று போன வாரம் பிலோமினா அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். எண்பது ஆகிறது, குரல் அப்படியே இருக்கிறது.

"எழுதிக்கோ. பஸ் நேரம் மட்டும் பழசப் போட்டுறாத. ஜனம் அத்த நம்பி வெயில்ல நிக்கும்."